அப்பாவை மேடையேற்றிய மதியம்

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அணுபுரத்தில் என் தங்கை வீட்டில் குத்துச்சண்டை நடக்கும். வாயால்தான். நானும் தங்கையின் கணவரும் செத்துப்போன சாம்பியன்களை எழுப்பிக் கொண்டுவந்து, இன்றைக்கு ஆடுகிறவர்களோடு மோதவிடுவோம். எந்தக் காலமானாலும் பெருத்த உடம்புதான் ஜெயிக்கும் என்பது என் கட்சி. நான் தொண்ணூறு கிலோ.

அன்றைக்கு அவர், "அதெல்லாம் வுடு மச்சான். உன் வயசுல உங்கப்பாவும் நீயும் மோதினா யாரு ஜெயிப்பீங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இறந்துபோன என் அப்பா செய்யூரில் வாத்தியாராக இருந்தவர், ஒல்லிக்குச்சி. எங்களை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. "ஒரே குத்துல படுத்துடுவாரு" என்றேன்.

அம்மா பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வெட்டிப்பேச்சில் அவள் வாய்கொடுத்ததே இல்லை. தலை நிமிராமல் சொன்னாள்:

"அவருதான் ஜெயிப்பாரு. நீ அவரு வலது கையவே பாத்துகினு இருப்ப. அவரு இடது கையால அடிப்பாரு. வர்றதே தெரியாது."

அப்பா சாப்பிட்டதும் எழுதியதும் வலது கையால். நாங்கள் இடது கையால் ஒரு பேனாவை நீட்டினால்கூட வாங்கமாட்டார். அவருடைய இடது கையை நான் கவனித்ததே இல்லை.

அம்மாவுக்கு வலது காது கேட்காது. குளத்தில் முங்கியபோது தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். மடையன் நான், அதை நம்பி, இத்தனை வருடமும் அவளுடைய இடது பக்கமாகப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.