இடப்பக்கத்து இருக்கை

வாரக்கடைசி கார் ராலிகளில் ஓட்ட ஒரு பழைய சின்ன கார் தேடி அலைந்தபோதுதான் சேலையூரில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அவர் விற்க வைத்திருந்த காரில்தான் அவரும் மனைவியும் பல வருஷம் ராலி போனவர்கள். மனைவி இப்போது இல்லை.

ஓட்டிக் காட்டுவதற்காக என்னை இடப்பக்கம் உட்கார வைத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் குறைத்து என் முகத்தைப் பார்த்தார்.

“சார், இது உங்க ஏரியா. எனக்கு வழி தெரியாதே,” என்றேன்.

“சாரி சார். ராலியில ரூட் பாத்து சொன்னது என் மிஸஸ்தான். அப்புறம் மார்க்கெட், சர்ச்சுன்னு எங்க போனாலும் அவ சொன்னாதான் திருப்புவேன். அப்படியே பழகிப்போச்சு.”

விலை பேசி முடித்த வாரம், காரைத் தாம்பரத்தில் என் வீட்டுக்கு அவரே கொண்டுவந்தார். ரொம்ப நேரமாகிவிட்டது.

“வழி கேட்டுக் கேட்டு வந்தேன் சார்,” என்று சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். தெரு முனையில் நின்று, யாருமில்லாத இடப்பக்கத்தைப் பார்த்தார்.

“ரைட்டுல திரும்புங்க சார்!” என்று கத்தினேன்.

திரும்பிப் பார்க்காமல் கையை உயர்த்திவிட்டு வலப்பக்கம் போனார். அடுத்த முனையில் அவருக்கு யார் சொல்லியிருப்பார்களோ.