வேறு எவனோ கூப்பிட்ட பெரட்டு

மலேசியாவில் ஆயர் தாவாரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சின்னத் தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கிறது. முன்பு அது ரப்பர்த் தோட்டம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது லயன்களை இடித்துவிட்டு, ஆட்களுக்கு அந்த வரிசை வீடுகளைக் கட்டிக்கொடுத்தார்கள். பெரிய கம்பெனிகளின் கேபிள் அங்கே இன்னும் வரவில்லை. ஜெலாப்பாங்கில் இருக்கும் எங்கள் சிறிய கம்பெனிதான் இரும்புக் கோபுரத்தில் அலைவாங்கித் தட்டு மாட்டி இன்டர்நெட் கொடுக்கிறது. கோபுரம் ஏறுவது, வயர் இழுப்பது, மழை புகுந்த பெட்டியை மாற்றுவது எல்லாம் என் வேலை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கூச்ச சுபாவம் வேறு. கோபுரத்தின் மேலே யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

கோயிலுக்கு அடுத்த வீட்டு அக்கா சித்தியவானில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். முதுகு வலி வந்து நின்றுவிட்டார். ஈப்போவில் உள்ள ஒரு பல் கிளினிக்குக்கு வீட்டில் இருந்தபடியே போன் எடுத்துப் பேசும் வேலை அவருக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது.

"அண்ணே, நான் பேசறது அவங்களுக்குத் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குதாம். வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பாங்களாம். அப்பறம் வேற ஆளு தேடிக்குவாங்க."

நான் வயரை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன். அவர் குரல் மட்டும் அப்படியே உடைந்துகொண்டிருந்தது.

ஆபீசில் உட்கார்ந்து லைன்களைக் கவனிக்கும் இஞ்சினியர் தம்பி அன்று மத்தியானம் போன் போட்டார்.

"அண்ணே, கோளாறு அந்த அக்கா வீட்ல இல்ல. தாமான்ல இருக்கற கேமராவுக்கெல்லாம் வைரஸ் புடிச்சிருக்கு. எங்கயோ வெளிநாட்டுக்கு எதையோ அனுப்பிக்கிட்டே கெடக்குதுங்க. ரோட்ட அடச்சி லோரி நின்னா அக்கா மோட்டார் சைக்கிள் எப்படிப் போகும்?"

"என்ன செய்யலாம் தம்பி?"

"நம்ம மொதலாளி தவுக்கே கேமரா வீட்டு லைனையெல்லாம் வெட்டச் சொல்றாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா வெட்டிருவாங்க."

அக்கா வீட்டு வாசலிலும் ஒரு கேமரா இருந்தது; வெட்டினால் அவர் லைனும் போய்விடும். வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் திருடுபோன பிறகு, தாமானே சேர்ந்து ஒரே மாதிரிக் கேமராக்களை மலிவாக வாங்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். பெட்டியில் ஒட்டி வந்த அதே நம்பர். அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீடு வீடாகப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தாமான் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பலாம் என்று வேனுக்குள் உட்கார்ந்து பேசிப் பேசி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "கேமராவ ஒரு தடவ நிறுத்தி மறுபடி போடுங்க. எல்லாரும் பாஸ்வேர்ட மாத்திக்குங்க." கட்டைவிரல் படங்கள் குவிந்தன. வேலை முடிந்தது என்று சந்தோஷமாகத் தே தாரிக் குடிக்கப் போனேன்.

மறுநாள் பார்த்தால் லைன் முன்பைவிட மோசம். கடைசி வீட்டு அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"மாத்திக்கிட்டோம்லா! என் நம்பர எதுத்த வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்தேன், அவங்க நம்பர நான் வாங்கிக்கிட்டேன். பாத்தா ரெண்டும் ஒண்ணு! பொருத்தம் பாரு மச்சான்னு சிரிச்சோம்."

குழுவில் பாதிப்பேர் இப்படித்தான் தங்களுக்குள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. நான் சொன்னதும் அதுதானே.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் கொட்டகையில் ஆட்களைக் கூட்டினார் அக்கா. நான் தரையைப் பார்த்துக்கொண்டே வைரஸ் என்றேன், டிராஃபிக் என்றேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

"கேமராவ கழட்டச் சொல்லாதீங்க அண்ணே. மோட்டார் போனா நீங்களா வாங்கித் தருவீங்க?" என்றது ஒரு குரல்.

அக்காதான் எழுந்தார்.

"இருங்க. அண்ணே, நம்ம கேமரா நம்ம வீட்டு ஆணியில தொங்கிக்கிட்டே, வேற எவனோ கூப்புட்ற பெரட்டுக்குப் போயிட்டு வருது. அதானே?"

விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துவிடுவதுதான் பெரட்டு. அங்கே பலர் அதில் நின்றவர்கள். அடுத்த நொடி கொட்டகை கலகலத்தது.

"கரண்டு நம்மளுது, வேல எவனுக்கோவா?"

"சம்பளமாவது அனுப்பறானா கேளு!"

"அந்த நம்பர் தெரிஞ்ச எவன் கூப்புட்டாலும் போகும்," என்றேன். இப்போது பேச்சு தானாக வந்தது. "நிறுத்தி மறுபடி போட்டா கேமரா நம்மகிட்ட திரும்பி வந்துரும். ஆனா அதே நம்பர் இருந்தா கொஞ்ச நேரத்துலயே மறுபடியும் கூப்புட்டுக்குவான். அதனால ஒவ்வொரு வீடும் தனித்தனியா புதுசு போடணும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"உங்ககிட்டயுமா?"

"எங்கிட்டயும்தான்."

"பொண்டாட்டிகிட்ட?" என்று கடைசி வீட்டு அண்ணன் கேட்க, "அவருக்கு ஏற்கெனவே எங்கிட்ட சொல்லாதது நெறைய இருக்கு," என்றார் அவர் மனைவி.

இருட்டுவதற்குள் வீடு வீடாகப் போனோம். நான் கேமராவை நிறுத்துவேன், போனில் இடத்தைக் காட்டுவேன், அவர்கள் புது நம்பரை அடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். சுவரைப் பார்த்து நிற்பது எனக்குப் பழகின வேலைதான். ஒரு பாட்டி மட்டும் அடிக்க அடிக்கச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம். மறுபடி முதலில் இருந்து போட வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இஞ்சினியர் தம்பி கூப்பிட்டார். "நல்லா வந்துருச்சு அண்ணே. ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னும் போய்க்கிட்டிருக்கு."

அக்காவும் நானும் எல்லா வாசலையும் மறுபடி பார்த்தோம். எதுவும் இல்லை. கோயில் மணி அடித்தபோதுதான் அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டார். உண்டியலுக்கு மேலே இருந்த கேமரா! அது யார் வீட்டுக்கும் சொந்தமில்லாததால் யாருமே தொடவில்லை. பூசாரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாமியைப் பார்த்து நின்று புது நம்பரை அடித்தார். "சாமிக்குத் தெரியும். பரவால்லதானே?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

பிறகு அக்கா வீட்டுக் கூரையில், இறுகியிருந்த திருகாணியையே மறுபடி இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். கீழே போன் அடித்தது. அக்கா மலாயில் காலை வணக்கம் சொன்னார், பெயர் கேட்டார், எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டார். பேச்சு எங்கும் உடையவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு போன். இன்னொன்று.

மத்தியானத்துக்குப் பிறகு கிளினிக்கில் இருந்தே கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் அவர் சரி, சரி என்று மட்டும் சொல்வது கேட்டது. பிறகு வாசலுக்கு வந்து மேலே பார்த்தார்.

"அண்ணே, அடுத்த மாசத்துக்கும் என் பேரு போட்டுட்டாங்க. எறங்கி வாங்க, சாப்பிடலாம்."

வழக்கமாக இப்படிக் கூப்பிட்டால் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிடுவேன். அன்று ஏணியில் இறங்கிக்கொண்டே, "வாரேன் அக்கா," என்றேன்.