ஒற்றை இருக்கை விமானங்கள்

என் அக்காவின் கணவர் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. யாராவது இலவசமாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் போயிருக்க மாட்டார். "எவனோ முன்னால ஓட்டுவான், நான் பின்னால கையைக் கட்டிக்கிட்டு உக்காரணுமா?" என்பார். ஆனால் அவர் வீட்டில் எங்கே திரும்பினாலும் விமானம்தான். இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானங்களின் பிளாஸ்டிக் மாதிரிகள். டி.வி. பெட்டிக்கு மேலே, துணி பீரோவின் உச்சியில், சுவரோரப் பலகைகளில் என்று வரிசையாக நிற்கும். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, அவள் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு மேசையும் விளக்கும் போட்டுக்கொண்டார். என் அக்காவுக்கு அவை எல்லாம் ஒன்றுதான். "ரெக்கை வெச்ச தூசி" என்பாள். தட்டித் துடைக்கிறவள் அவள், சொல்ல உரிமை உண்டு.

அத்தானும் நானும் ஒரே இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தோம். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனில், கண்ணாடி போட்ட சின்ன கேபினுக்குள் அவர். அதற்கு நேர் கீழே, தகட்டுச் சுருள்களுக்குச் சங்கிலி மாட்டி, கையால் சைகை காட்டி, இறங்கிய பின் கழற்றுகிறவன் நான். ஒரு சுருள் ஒரு லாரி கனம் இருக்கும். தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு அது தினசரி நிலவரம்.

ஆனால் நான் பயந்ததில்லை. கிடங்கில் அவருக்குப் பெயர் பஞ்சு. அத்தனை பெரிய சுருளைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, அங்கிருந்து சத்தமே இல்லாமல் உட்கார வைப்பார். அடியில் முட்டை இருந்தாலும் தப்பித்திருக்கும் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். மற்ற நேரத்தில் அவரைப் போல ஒரு முரட்டு மனிதரைப் பார்க்க முடியாது. கதவைச் சாத்தினால் வீடு அதிரும். செருப்பை வாசலில் விடமாட்டார், எறிவார். மென்மை முழுவதையும் கைக்குள் சேமித்து வைத்து இரண்டே இடத்தில்தான் செலவழித்தார்: ஒன்று கிரேன், இன்னொன்று அந்த மேசை.

விமானம் வாங்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு நோட்டம் விடமாட்டார்கள். கடைக்காரர் மற்ற யாரையும் பெட்டியைத் திறக்க விடமாட்டார், இவருக்கு மட்டும் சலுகை. திறந்ததும் முதலில் விமானி தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியை எடுப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "கண்ணாடி மங்கலா இருந்தா உள்ள இருக்கறவனுக்கு என்ன தெரியும்?" அப்புறம் இறக்கைமேல் நகத்தை ஓட்டுவார். தகடு சேரும் கோடுகள் பள்ளமாக இருக்க வேண்டும், மேடாக இருந்தால் பெட்டி திரும்பிப் போய்விடும். பிறகு தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள் மஞ்சளடித்திருக்கின்றனவா என்று பார்ப்பார்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. விமானத்தில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மஸ்டாங், ஸீரோ எல்லாம் வாங்குவார். இரண்டு பேர் உட்காருவதைத் தொடவே மாட்டார். "ஏன் அத்தான்?" என்று கேட்டேன். "தனியா உக்காந்து ஓட்டறவன் கஷ்டம் எனக்குத் தெரியும் மாப்ளே" என்றார். ஸீரோ பெட்டியைக் காட்டி, "இதுல ஓட்டறவன் முதுகுக்குப் பின்னால ஒரு பாதுகாப்புத் தகடுகூட வைக்கல. எடை குறையணுமாம்" என்றார். "நம்ம கம்பெனிக்காரன் செஞ்சதா?" என்றேன். கடை அதிரச் சிரித்தார்.

அளவிலும் அவருக்குப் பிடிவாதம் இருந்தது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதாவது நிஜ விமானத்தை எழுபத்திரண்டாக வகுத்தால் வரும் அளவு, உள்ளங்கையில் நிற்கும். நாற்பத்தெட்டில் ஒன்று அதைவிடப் பெரியது, முப்பத்திரண்டில் ஒன்று இன்னும் பெரியது. பெரியவற்றை 'சின்னப் பசங்க சைஸ்' என்று கிண்டல் செய்வார். எழுபத்திரண்டில் விமானியின் மூக்குக்குக்கூட இடுக்கியும் ஒற்றை மயிர்த் தூரிகையும் வேண்டும். அதில்தான் தன் கை பேசும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த விமானங்களின் முதுகில் நிற்கும் சின்னக் கம்பத்திலிருந்து வால் வரை ஒரு ரேடியோக் கம்பி ஓடும். அந்த அளவுக்கு மெல்லிய கம்பி எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்கு அவர் என் அக்காவின் தலைமுடியைப் பயன்படுத்தினார். "ஏய், ஒண்ணு குடு" என்பார். "மொட்டையடிச்சுக் குடுத்துடறேன், ஒரு விமானப் படையே கட்டுங்க" என்று திட்டிக்கொண்டே பிடுங்கிக் கொடுப்பாள். அலமாரியில் நின்ற ஒவ்வொரு சண்டை விமானத்திலும் அவள் முடி ஒன்று இருந்தது. அவர் அவளிடம் கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. அது ஒன்றுதான் கொஞ்சல்.

ஒரு நாள் அத்தான் நாற்பத்தெட்டு வாங்கினார். கண்ணுக்கு வயசாகிறது என்று நினைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எழுபத்திரண்டு அடுக்கின் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் முப்பத்திரண்டில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் பார்க்கவில்லை, கோட்டை நகத்தால் தடவவில்லை. "கட்டிடுங்க" என்றார்.

கடைக்காரர் வாயைப் பிளந்தார். "பஞ்சு சார், இது சின்னப் பசங்க சைஸாச்சே?"

"ஏன், ரசனை மாறக் கூடாதா?"

"இப்படியே போனா அடுத்த விமானத்துக்கு வீட்டுக் கூரையைப் பிரிக்கணும்" என்றேன் நான். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை இடது கையில் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

அதே சமயத்தில் கிடங்கிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. சுருள்கள் கடைசி ஒரு சாணில் ஆட ஆரம்பித்தன. தரையைத் தொடுவதற்கு முன் ஒரு தயக்கம், ஒரு இடறல், அப்புறம் டங்கென்று ஒரு சத்தம். பிரேக் கோளாறு என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, "பிரேக் உன்னைவிட ஒழுங்கா வேலை செய்யுது" என்று சொல்லி இறங்கினார். யானைக்கும் அடி சறுக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விஷயத்தை அவிழ்த்தவள் அக்காதான். அவளுக்கே தெரியாமல் அவிழ்த்தாள். நான் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"டேய், ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. உங்க அத்தானுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா?"

"இத்தனை வருஷம் கழிச்சு இதென்ன சந்தேகம்?"

"முன்னெல்லாம் விமானம் முடிஞ்சா என்கிட்ட முடி கேட்டு வருவார் இல்ல? இப்ப கேக்கறதே இல்லடா. நரைச்சுப் போச்சுன்னு வேணாம்னுட்டார் போல." சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் அலமாரிப் பக்கம் போனேன். பழையவற்றில் முடி இருந்தது. நாற்பத்தெட்டு வரிசையில் இரண்டில் இருந்தது, அதுவும் தொய்ந்து தொங்கியது. மற்றவற்றில் இல்லை. முப்பத்திரண்டு மெஸ்ஸர்ஷ்மிட்டின் கண்ணாடி மூடி பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது.

அந்த வெளுப்பு எனக்குத் தெரியும். முன்பு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன். அவசரத்துக்குச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பசையைக் கண்ணாடியில் வைத்தேன். அதன் புகை பட்டுக் கண்ணாடி முழுக்க மங்கிப்போயிற்று. "கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான்டா! காயற வரைக்கும் கையை அசைக்காமப் பிடிச்சுக்கணும்!" என்று அன்று அவர் கத்திய கத்தல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அந்தத் தப்பை அவரே செய்திருக்கிறார் என்றால் மறந்துபோய்ச் செய்திருக்க மாட்டார். காயும் வரை கையை அசைக்காமல் பிடிக்க அவரால் முடியவில்லை.

மறுநாள் கிடங்கில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவரை மடக்கினேன். "கையைக் காட்டுங்க" என்றேன்.

மழுப்பவில்லை. வலது கையை நீட்டினார், கல் மாதிரி நின்றது. "சும்மா இருந்தா ஒண்ணுமில்ல. இப்பப் பாரு" என்று தூணில் இருந்த ஒரு போல்ட் ஓட்டையை நோக்கி விரலைக் கொண்டுபோனார். பாதி தூரம் வரை சரியாகப் போன விரல், ஓட்டையை நெருங்க நெருங்க உதற ஆரம்பித்தது. உள்ளே போகவே இல்லை. விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது.

"எப்போலேர்ந்து?"

"நாப்பத்தெட்டு வாங்கினேன் பாரு, அப்போலேர்ந்து."

"அத்தான், கீழ நான் நிக்கறேன்."

"தெரியும். தெரிஞ்சுதான் ரொம்ப மெதுவா இறக்கறேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் ஓட்டிடறேன் மாப்ளே. சொன்னா இறக்கிடுவாங்க. இறக்கினா வெளக்கமாறுதான். பஞ்சு கையில வெளக்கமாறு." கையை இழுத்துக்கொண்டார். "நீ வேணா தள்ளி நில்லேன்."

"தள்ளி நின்னா சங்கிலியைக் காத்தா வந்து கழட்டும்?" எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கு ஒண்ணுன்னாலும் எங்கக்காதான் அழணும், எனக்கு ஒண்ணுன்னாலும் அவதான் அழணும். யோசிச்சீங்களா?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அக்கா தூசி தட்டும்போது கம்பி அறுந்துபோன ஹரிக்கேன் ஒன்று வீட்டில் இருந்தது, எழுபத்திரண்டு அளவு. "ஞாயித்துக்கிழமை நீ வா. உன் கண் முன்னால அந்தக் கம்பியைக் கட்டறேன். நின்னுட்டா நான் மேல, நீ வாயைத் திறக்கக் கூடாது. நிக்கலைன்னா நானே போய் ஆபீஸ்ல சொல்லிடறேன். உங்கக்காவுக்கு இது எதுவும் தெரிய வேணாம்."

நான் சரி என்றேன். அவர் தோற்றுவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, "ஏய், ஒண்ணு குடு" என்றார். அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தாள். கொண்டையை அவிழ்த்து, கண்ணாடி முன் நின்று கறுப்பாக ஒன்றைத் தேடினாள்.

"நரைச்சதே குடு. கம்பின்னா வெள்ளையாத்தானே மின்னும்" என்றார் அவர்.

அவள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். என்னால் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்தேன்.

முதுகுக் கம்பத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் பசை. ஒரு முனை எப்படியோ ஒட்டிவிட்டது. வால் முனைதான் படியவில்லை. இடுக்கி அருகே போனதும் உதறியது, முடி நழுவியது. மறுபடி கொண்டுபோனார். வாலில் இடுக்கி டிக் டிக்கென்று தட்டியது. நெற்றி வேர்த்தது. இன்னொரு தடவை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது, அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"என்னங்க இது, சரியாச் சாப்பிடலையா இன்னிக்கு?" என்றபடி அக்கா குனிந்தாள். தன் உள்ளங்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து மேசை விளிம்போடு சேர்த்து அழுத்தினாள். இடுக்கி நின்றது. முடி நேராகப் போய் வாலில் உட்கார்ந்தது. காயும் வரை அவளும் கையை எடுக்கவில்லை, அவரும் மூச்சு விடவில்லை.

கம்பி நின்றுவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னியது. "அவ்வளவுதான், இதுக்குப் போய்!" என்று சிரித்துவிட்டு அக்கா கொண்டையை முடிந்துகொண்டாள்.

நின்றால் மேலே போவேன் என்றார், நின்றுவிட்டது. யார் கை பிடித்து நின்றது என்று எங்கள் பேச்சில் கணக்கில்லை. அவர் அதைச் சாக்காக வைத்துக்கொண்டால் நான் கொடுத்த வாக்கை மீற முடியாது. மறுநாள் காலை அந்தச் சுருளுக்குக் கீழே போய் நிற்கத்தான் வேண்டும். அவர் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மணிக்கட்டையும் அக்காவின் கையையும் பார்த்துவிட்டு இடுக்கியைக் கீழே வைத்தார்.

"மேல ஒரே சீட்டுதான், மாப்ளே" என்றார்.

"என்ன சீட்டு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ஆபீஸ்ல கொஞ்சம் பேசணும்."

பேசினார். இறக்கினார்கள். அவர் சொன்னபடியே விளக்குமாறுதான் கொடுத்தார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையால் தூக்கம் வந்தது, நடுக்கம் போகவில்லை. கேபினுக்கு வேறொருவர் வந்தார். ஒரே வாரத்தில் அவருக்கு இடி என்று பெயர் வைத்துவிட்டோம். இடி ஒவ்வொரு சுருளையும் தரையில் போடும்போது, முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் அத்தானின் வலது கை விளக்குமாற்றை விட்டுவிட்டு, இல்லாத நெம்புகோலைப் பின்னால் இழுக்கும். நான் அதைப் பார்க்காதவன்போல் சங்கிலியைக் கழற்றுவேன்.

நான்தான் ஆபீஸில் போட்டுக்கொடுத்தேன் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால், அந்தக் கம்பி நின்றது தன் பிடியால்தான், அதைப் பார்த்துத்தான் அவர் இறங்கினார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அத்தானும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்ட பெயர் எனக்குத் தாங்கும்.

இப்போது அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். நடுக்கம் கூடிவிட்டது. தேநீர் டம்ளரை அக்கா பாதி அளவுதான் நிரப்புகிறாள். கடைக்கு இன்னும் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். பெட்டியைத் திறந்து, கண்ணாடி மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்று மூடி வைத்துவிடுவார். ஏன் வாங்கவில்லை என்று கடைக்காரர் கேட்பதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா அந்த ஹரிக்கேனை எடுத்துவந்து காட்டுகிறாள். அவள் பிடித்த பிடி அவளுக்கு நினைவிலேயே இல்லை. இல்லாமல் இருப்பதே நல்லது.

"வேலையைப் பிடுங்கினப்புறம்தாங்க இந்த நடுக்கமெல்லாம். கவலைல வந்தது. அதுக்கு முந்தின நாள் கட்டினதுங்க இது. பாருங்க, என் முடிதான். எவ்வளவு நேரா இருக்கு பாருங்க. இந்தக் கையா நடுங்கற கை?" என்பாள். அப்புறம் என்னை முறைத்து, "நீயும்தானே பக்கத்துல இருந்தே, சொல்லேன்டா" என்பாள்.

அத்தான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"ஆமாக்கா, நேராத்தான் இருக்கு" என்பேன்.