ஜெபக்கூட்டம் நடந்த வாடகை வீடு

இத்தனை புத்தகம் படித்தும், வாடகைக்கு வருகிறவரின் தொழிலைக் கேட்க எனக்குப் புத்தியில்லை. குழித்துறையில் நான் புதிதாகக் கட்டிய வீட்டைக் கேட்டு ஒருவர் வந்தார். "குடிப்பீரோ?" என்று மட்டும் விசாரித்தேன்.

"வாயில வைக்க மாட்டேன்."

சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மாலைதோறும் அங்கே கீர்த்தனை கேட்டது. ஜெபக்கூட்டம் என்று பூரித்தேன். ஆனால் ஒரே கீர்த்தனையை ஆளுக்கொரு ராகத்தில் பாடுவானேன்? வெளியே வந்தவர்கள் என்னைக் கட்டித் தழுவி அழுவானேன்? ஒன்றும் விளங்கவில்லை.

ஒருநாள் போலீசார் உள்ளே நுழைந்து சாராயப் பானைகளை எடுத்தார்கள். வீட்டுக்காரன் என்று என்னையும் பிடித்தார்கள்.

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது, ஏமானே" என்று குடியிருந்தவர் போலீசாரிடம் சொன்னதால் தப்பினேன். இப்போது வாடகைக்கு வருகிறவரின் தொழிலைக் கேட்டு, அவர் ஊரிலும் விசாரித்த பிறகே சாவி கொடுக்கிறேன்.

எங்கள் சபை உபதேசியார் சொன்னார்: "உம்ம வீட்டுல கூடினதுல பாதிப்பேரு நம்ம சபைக்கு வந்தா, கோயில இடிச்சுப் பெருசா கெட்டணும், வே!"