பாலாற்றில் தண்ணீர் வரும் வரை

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அவர் சொந்த ஊரை விட்டுக் கப்பலேறிய வருஷம் பாலாற்றில் கரைமுட்ட வெள்ளம் போனதாம். அந்த ஒரு வருஷத்து ஆற்றைத்தான் பன்னிரண்டு வருஷமாகப் பினாங்கில் உட்கார்ந்து எங்களுக்கு வர்ணித்துக்கொண்டிருந்தார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த அம்மா அதை அப்படியே நம்பினாள். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. நாங்கள் மூவரும் புறப்பட்டபோது அம்மா முதலில் எடுத்து வைத்த சாமான் இரண்டு தூண்டில்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு அது திரும்பிப் போகிற ஊர்; எனக்கும் அம்மாவுக்கும் அந்நிய தேசம். எனக்குப் போகவே பிடிக்கவில்லை, அதை ஒளிக்கவும் இல்லை.

சித்திரை வெயிலில் வந்து இறங்கினோம். வீடு ஆற்றங்கரைத் தெருவில். ரயில் கரி போகக் குளிக்கலாம் என்று மறுநாள் காலையில் அம்மாவும் நானும் சோப்பும் துண்டுமாகக் கிளம்பினோம். தெரு முடிந்தது, மணல் வந்தது. மணலைத் தாண்டினால் ஆறு வரும் என்று நடந்தோம். நடந்துகொண்டே இருந்தோம். எதிர்ப்பக்கத்துத் தென்னந்தோப்பே வந்துவிட்டது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் அம்மா, "ஐயா, ஆறு எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் எங்கள் சோப்பையும் துண்டையும் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, இவ்ளோ நேரம் ஆத்துலதானே நடந்து வந்தீங்க?" என்றார்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தனிப் புத்தகமே வேண்டும். முடிவாக அம்மா ஒரு கெடு வைத்தாள். "தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள அந்த மணல்ல தண்ணி ஓடலைன்னா, நானும் மகளும் பினாங்குக்கே போயிடுறோம். நீங்க இங்கேயே மணல்ல குளிச்சிக்கிட்டு இருங்க."

அப்பா சிரிக்கவில்லை. அம்மா சொன்னால் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். எங்கள் இருவரையும் பிரிந்து இருக்க அவரால் முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தும் அன்று முதல் காலையும் மாலையும் நான் சாமி கும்பிட்டது, மழை மட்டும் வரக்கூடாது என்றுதான்.

நாலு நாள் கழித்து, மணல் நடுவே முள் வேலிக்குள் ஒரு பள்ளமும் அதில் கண்ணாடி போலத் தண்ணீரும் இருப்பதைக் கண்டோம். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் ஊரில் பிறந்தவளுக்கு அது என்னவென்று தெரியுமா? முள்ளை ஒதுக்கிவிட்டு அம்மா அழுக்குத் துணி மொத்தத்தையும் அதில் துவைத்தாள். நான் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் குடத்தோடு ஏழெட்டுப் பெண்கள். அது குடிக்கிற ஊற்று. எதிர்வீட்டு அக்கா விடியற்காலையில் வந்து தோண்டி, தெளியட்டும் என்று விட்டுப்போனது.

அம்மா மன்னிப்புக் கேட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரம் தெருவில் எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே ஒரு ஊற்று தோண்டினாள், அதுவும் கரையை ஒட்டி, நிழலில், வீட்டுக்குப் பக்கத்திலேயே. இவ்வளவு வசதியான இடத்தை விட்டுவிட்டு இந்த ஊர்ப் பெண்கள் ஏன் நடுமணலுக்கு நடக்கிறார்கள் என்று நானும் அவளும் பேசிச் சிரித்தோம். அந்தத் தண்ணீரில் பொங்கிய சோறு செக்கச் சிவந்து வந்தது. அப்பா ஒரு வாய் வைத்தார், அப்படியே நிறுத்தினார்.

"ஏம்மா, இது ஷாப்புத் தண்ணி. ஆவாரம்பட்டை போட்டுத் தோலை ஊற வெச்சி, வெளியில விடுற தண்ணி. இன்னும் நாலு நாள் இதுல சாப்பிட்டா, என்னையும் தோலோட தோலா மடிச்சிக் கட்டி லண்டனுக்கு அனுப்பிடலாம்."

அம்மா சட்டியோடு வாசலுக்கு வந்தாள், கொட்டுவதற்கு. எதிர்வீட்டு அக்கா தெருவைக் கடந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் மண்ணிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா முறைத்தாள். பிறகு அவளாலும் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிவதற்குள் அக்கா வந்து கதவைத் தட்டினாள். "வாம்மா பினாங்குக்காரி, ஊத்து எங்க எடுக்கறதுன்னு காட்றேன்." நடுமணலில் குதிகாலால் அழுத்தி அழுத்திப் பார்த்து ஒரு இடம் சொன்னாள். அம்மா கையாலும் கொட்டாங்குச்சியாலும் தோண்டினாள். கலங்கல் தண்ணீரை மூன்று முறை இறைத்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். தெளிந்ததும் அம்மா ஒரு கை அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை அள்ளினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு அந்த ஊற்றுதான் உலகம். முள் கட்டினாள். ஆட்டுக்காரரோடு தினம் சண்டை போட்டாள். தெருவிலேயே ருசியான தண்ணீர் என்று பேராகி, விசேஷ வீட்டுக்காரர்கள் பாயசத்துக்கு ஒரு குடம் கேட்டு வந்தார்கள். நான் பக்கத்தில் போனால், "காலை வெச்சியோ, பிச்சிடுவேன்!" என்பாள். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஆடி போனது, ஆவணி போனது, சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை. எனக்குக் கப்பல் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில், "ஆறு வருது! ஆறு வருது!" என்று தெருவே ஓடியது. நாங்களும் ஓடினோம். செம்மண் நிறத்தில், நுரையோடும் முறிந்த கிளைகளோடும், மணல் முழுக்கத் தண்ணீர் பரவிக்கொண்டே வந்தது. ஷாப்பிலிருந்து அப்பா ஓடிவந்தார். பன்னிரண்டு வருஷப் பெருமை அவர் முகத்தில் இருந்தது. "பாத்தியா! நான் சொன்னேனா இல்லியா? கெடுவுக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு!"

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் நின்று மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் ஊத்து போச்சே! இன்னா ஆறு இது? எங்க வேணா போகட்டுமே, அந்த எடத்து மேலதான் போவணுமா?"

எதிர்வீட்டு அக்கா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதம்மா. தண்ணி வடியட்டும், அதே எடத்துல எடுத்துக்கலாம்."

பினாங்கு இனி இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானும் ஓவென்று அழுதேன். தெருப் பெண்கள் எல்லாரும், "பாவம், அம்மா ஊத்துக்காகக் குழந்தைகூட அழுவுது பாரு" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்கள்.