இரண்டு பாட்டில் கடல்தண்ணீர்

கடலூரிலிருந்து நெய்வேலி வந்த பஸ்ஸில், காலி ஸீட் இருந்தும் ஒரு சயன்ஸ் வாத்தியார் நின்றபடியே வந்தார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முழங்காலை மடக்கி, மார்போடு அணைத்த இரண்டு பாட்டில்களைக் காப்பாற்றினார்.

“உட்காருங்க சார்” என்றேன்.

“உட்கார்ந்தா குலுக்கல் இதுங்களுக்குப் போவும்ங்க. மடவை மீன் குஞ்சு, முந்தாநாள் பொரிச்சுது.”

ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உடம்பே தெரியவில்லை, கடுகைவிடச் சின்னக் கண்கள் மட்டும் நீந்தின.

“வயித்துல கட்டுச்சோறு கட்டிக்கினுதான் பொறக்குதுங்க. நாளைக்கு அது தீந்துடும், வாய் திறக்கும். உடனே தீனி வேணும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் தீனி, இந்த இன்னொரு பாட்டில்ல இருக்கு, கொஞ்சம் பிடிங்க.”

எனக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. வாங்கிக்கொண்டு, நானும் முழங்காலை மடக்கி நின்றேன். நான் இறங்க வேண்டிய மைன்ஸ் ஸ்டாப் போயே போய்விட்டது.

ஷிஃப்டுக்கு ஏன் வரவில்லை என்று மறுநாள் ஃபோர்மன் கேட்டார். மீன்குஞ்சுக்குச் சோறு தூக்கிப் போனேன் என்று எப்படிச் சொல்வது?