கையொப்பம் இடாத மணமகள்

உக்குவளை ஊரில் அவளுக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் றஸ்மியா'. ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு பட்டம் கிடைத்தால் யாருக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரும். அவளுக்கு அதுகூட வரவில்லை. கணவன் ஷிஹாம் விட்டுப்போன நாளிலிருந்து சந்தோஷமோ சலிப்போ எதுவும் அவளிடம் அதிக நேரம் தங்குவதில்லை.

அந்தப் பக்கத்துப் பழைய முஸ்லிம் விவாகப் பதிவேடுகளை இணையத்தில் தேடிப் படிக்கும்படி ஏற்றுவதுதான் வேலை. ஏட்டில் வரும் ஆளுக்கு ஓர் எண். எண்ணைப் பிடித்தால் அவர் வரும் பக்கங்களெல்லாம் திரையில் வந்து விழும். யாருக்கு எண் என்று தீர்மானித்தவன் அமைப்பை வடிவமைத்த றம்ஸீன். கையொப்பம் இட்டவருக்கு மட்டும் என்றான். மாப்பிள்ளை, சாட்சிகள், பெண்ணின் வாப்பா. பெண் கையொப்பம் இடும் வழக்கம் அப்போது இல்லை, அவளுக்காக வாப்பா போடுவார். அதனால் அவள் பெயர் வாப்பாவின் எண்ணுக்குக் கீழே வெறும் குறிப்பாகக் கிடந்தது.

அறுநூறு பக்கம் றஸ்மியா அப்படியே ஏற்றினாள். அடுத்த பக்கம் அவளுடைய கலியாணம். அதையும் ஏற்றிவிட்டுத் தன் பெயரைத் தேடிப் பார்த்தாள். 'அப்படி ஒருவர் இல்லை' என்றது திரை.

றம்ஸீனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுக்க ஏலாதா?"

"குடுக்கலாம் றாத்தா. ஆனா வெள்ளிக்கிழமையோட அமைப்ப பூட்டுறோம், அதுக்குப் பொறகு பக்கம் ஏத்தலாம், கட்டம் ஒண்டும் மாத்த ஏலாது. நீங்க செஞ்ச அறுநூறையும் திரும்பச் செய்யணுமே?"

"செய்றேன்."

செய்தாள். மூன்று மாதம் பிடித்தது. மறுபடி தன் பக்கத்துக்கு வந்து தனக்கொரு எண் கொடுத்தாள். அதற்குக் கீழே, பெண்களுக்கென்று றம்ஸீன் புதிதாகச் சேர்த்த கட்டம்: கையொப்பம், உண்டு அல்லது இல்லை. அறுநூறு பக்கமும் யோசிக்காமல் 'இல்லை'யை அழுத்தி வந்தவள் இங்கே நின்றாள்.

கலியாணத்தன்று ஏட்டில் எழுதும்போது அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி எழுதிப் பழகிய கையொப்பம் அவளுக்கு இருந்தது. யாரும் ஏட்டை உள்ளே கொண்டுவரவில்லை.

மறுபடி போன் போட்டாள்.

"தம்பி, இல்லண்டு போட்டா நான் மாட்டேண்டு சொன்ன மாதிரி ஈக்குது. கேக்கவே இல்லண்டு போட எடமில்லையா?"



"பூட்டியாச்சு றாத்தா."

"சரி."

'இல்லை'யை அழுத்தினாள். அழுகை வருமோ என்று சற்றுக் காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அங்கே மணமகள் பர்ஸானா, வயது பதினெட்டு. அவளுக்கும் ஓர் எண் கொடுத்து, 'இல்லை'யை அழுத்தினாள்.